குறிப்புப் பெட்டி

"யாரை அவசரப்படுத்தக் கூடாது என்று இதில் எழுதி வைக்க இடம் இருக்கிறதா, தம்பி?"

"இருக்கிறது, ஐயா. ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி இருக்கிறது."

அவ்வளவுதான் பேச்சு. 2021 ஒக்டோபரில், ஊரடங்கு நீங்கிய கையோடு, இலங்கைக் கடற்கரையில் வலையும் கயிறும் மிதவையும் விற்கும் ஒரு கடையின் மேசையருகே நின்று, அதன் முதலாளியும் நானும் கடைக்கான கணக்கு மென்பொருளைப் பற்றிப் பேசியது. நான் பொய் சொல்லவில்லை. பெட்டி இருந்தது, அதில் தமிழிலும் எழுதலாம். ஆனால் கடன் நினைவூட்டல் அனுப்பும் பகுதி அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. தவணை நாள், நிலுவைத் தொகை இரண்டையும் மட்டுமே பார்க்கும். அது எனக்குத் தெரியும். அவர் கேட்டதே அதைப் பற்றித்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததா? ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

சிறு கடைகளுக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஒரு மதிப்பெண் தாள் உண்டு. விலை, இணையம் அறுந்தால் வேலை செய்யுமா, தமிழில் பற்றுச்சீட்டு வருமா, பழுதானால் யார் வந்து பார்ப்பது என்று பதினொரு வரிசைகள். அவருக்காக இரண்டை எடைபோட்டோம். ஒன்று, ஒரே கணினியில் நிறுவிவிடும் உள்ளூர்த் தயாரிப்பு. ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். மற்றது இணையத்தில் இயங்குவது. சந்தா மாதம் 20 டொலர், நினைவூட்டல் குறுஞ்செய்தியும் அதனோடு சேர்ந்தது. இரண்டாவதற்கே மதிப்பெண் கூடியது. கடற்கரையோரக் கடையில் உப்புக்காற்று கணினியின் உட்பலகையைத் தின்றுவிடும் என்பதைப் பல இடங்களில் கண்ணால் கண்டவன் நான். கணக்கு அந்த ஒரு கணினிக்குள் மட்டும் இருப்பது ஆபத்து என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்த இரண்டாவது மென்பொருளின் ஒவ்வொரு சந்தாவிலும் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பங்கு வரும். தாளில் அதற்கு வரிசை கிடையாது. அதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆனாலும் 'குறிப்புப் பெட்டி இருக்கிறது' என்ற பதில் ஏன் அவ்வளவு விரைவாக என் வாயில் வந்தது என்று கேட்டால், சத்தியம் கொஞ்சம் தடுமாறுகிறது.

அவருடைய கடன் கணக்கு முழுவதும் சீ.ஆர். கொப்பி என்னும் தடித்த அட்டைக் குறிப்பேட்டில் இருந்தது. பெயர்கள் மையில், தொகைகள் மையில். சில பெயர்களுக்கு முன்னால் மட்டும் பென்சிலால் ஒரு சிறு கோடு. அந்தக் கோடு விழுந்தவர்களிடம் வாடைக்காற்று ஓயும் வரை கேட்பதில்லை. இங்கே கார்த்திகையில் கடல் அடிக்கத் தொடங்கினால் சிறு வள்ளக்காரர் பலருக்குப் பல வாரம் தொழில் இல்லை. பங்குனியில் கடல் படிந்து, மீன் பட்டு, கையில் காசு வந்த பிறகு கொப்பியில் அந்தக் கோட்டை ரப்பரால் அழிப்பார். அழித்த இடங்களில் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. அதைப் பார்த்தபோது இந்தக் கொப்பி இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்றுதான் யோசித்தேன்.

கணக்கைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்ற என் வாதத்துக்கு அவர் சொன்ன பதிலையும் எழுத வேண்டும். 2004 சுனாமியில் அவருடைய பழைய கொப்பிகள் முழுவதும் போயின. "பாதிப் பேர் தாங்களாகவே வந்து, இவ்வளவு தரவேண்டும் என்று சொன்னார்கள்" என்றார். மற்றப் பாதி என்று நான் இழுத்தேன். "சிலர் வரவில்லை. சிலர் உயிரோடு இல்லை" என்றார். அதற்குமேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேர்வையும் மாற்றவில்லை.

குறுஞ்செய்தியின் வாசகத்தை எழுதியவன் நான்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் போகும். தமிழில் எழுதினால் 70 மட்டுமே, அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம். 'க்' என்பதற்கே இரண்டு இடம் போய்விடும். எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். கடைப் பெயருக்கு மட்டும் இருபதுக்குச் சற்றுக் குறைவான இடம் போனது. ஆகவே முதலில் 'வணக்கம்' போயிற்று. பிறகு 'ஐயா'. பிறகு 'தயவுசெய்து'. கடைசியில் மிஞ்சியது, 'நிலுவை ரூ.68,400. 41 நாள் தாமதம். உடன் செலுத்தவும்.' அவருக்குச் செலவைக் குறைத்துக் கொடுத்தேன் என்று அன்று எனக்குத் திருப்தி.

அந்த எண்கள் ஒரு மனிதருடையவை. பென்சில் கோடு விழுந்தவர்களில் அவரும் ஒருவர். கடையில் அவர் கொடுத்திருந்தது மணமாகிப்போன மகளின் கைப்பேசி இலக்கம். மென்பொருள் கேட்டது ஓர் இலக்கம். யாருடையது என்று அது கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முப்பது நாள் தவணை என்பது மென்பொருளோடு வந்த அமைப்பு. மாற்றியிருக்கலாம், மாற்றாமல் விட்டேன். 2022 தைப்பொங்கலுக்குச் சில நாள் முன்பு அந்தச் செய்தி மகளின் புகுந்த வீட்டில் போய் ஒலித்தது. மூன்றாம் நாள் அவர் வந்து, முழுத்தொகையையும் மேசையில் வைத்து, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாராம். எங்கே புரட்டினார் என்று தெரியாது. முதலாளி எழுந்து வாசல் வரை பின்னால் போயிருக்கிறார். அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவும் இல்லை.

மென்பொருளில் அந்த மாதம் நிலுவை வசூல் வரைபடத்தின் கோடு மேலே ஏறியிருந்தது. நடந்தது எதுவும் தெரியாமல் அந்தப் படத்தை எடுத்து, திருகோணமலை உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவருக்கு எங்கள் வேலைக்குச் சான்றாகக் காட்டினேன். தெரியாமல் செய்தேன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கோடு ஏன் ஏறியது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். ஏறிய கோட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதை இப்படியே முடித்தால் மென்பொருளே தவறு என்றாகிவிடும். அதுவும் சரியில்லை. அந்த மார்ச்சில் ரூபாய் சரிந்தபோது ஒவ்வொரு லொறியிலும் வலைக்கு வேறு விலை வந்தது. எந்தச் சுருள் எந்த விலைக்கு வந்தது என்று அந்த மென்பொருள்தான் சொன்னது. அது இல்லாவிட்டால் பழைய விலைக்கு விற்றுவிட்டு மறுபடி சரக்கு எடுக்க வழியில்லாமல் போயிருக்கும் என்று முதலாளியே சொன்னார். அதே மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. ரவுட்டர் அணைந்து கிடக்க, பில்லை மறுபடி கையால் எழுதினார். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது, 4,000 ரூபாய்ச் சந்தா 7,000க்கு மேல் போனது. ஒருநாளும் அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இப்போது சரக்குக் கணக்கு கணினியில், கடன் கணக்கு கொப்பியில். அப்படிப் பிரித்துக் கொள்ள நாங்கள் சொல்லவில்லை, அவரே பிரித்துக்கொண்டார். ஒருநாள் நானே பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "நான் கேட்டதற்கு நீங்கள் சரியாகத்தான் பதில் சொன்னீர்கள், தம்பி" என்றார். கோபமில்லாமல், என்னை ஆறுதல்படுத்தவே சொன்னார். அந்த வாக்கியத்தை என்னால் ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

மதிப்பெண் தாளில் இப்போது பன்னிரண்டாவது வரிசை ஒன்று சேர்த்திருக்கிறேன். 'கடன் எப்படிக் கேட்கப்படுகிறது' என்பது தலைப்பு. அதற்கு எத்தனை மதிப்பெண், எதை வைத்துப் போடுவது என்று எங்கள் அலுவலகத்தில் இன்னும் பேசி முடியவில்லை.

சென்ற மாதம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா வந்தார். "கடன்காரருக்குத் தானாகவே செய்தி போகுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. போகும் என்று சொல்லிவிட்டு, யாருக்குப் போகக் கூடாது, யாருடைய இலக்கம், எந்த மாதத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரை மணி நேரம் பொறுத்தார். பிறகு சொன்னார், "தம்பி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குத்தானே இதை வாங்குகிறேன்." பொருத்திக் கொடுத்தேன். செய்தியை 'வணக்கம்' என்று தொடங்கினேன். அது இரண்டு செய்தியாகத்தான் போகிறது, கட்டணத்தைப் பற்றி அவர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.