பீடி குடிக்காத கால்

கணவரின் கண்முன்னே மனைவியின் கால் பிரஷரை அளந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

தாதியான என்னிடம் அளக்கச் சொல்லி டொக்டர் எழுதியது கணவருக்கு மட்டும்தான். கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை பார்த்து ஓய்ந்தவர். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். கையில் பிரஷர் 140, கணுக்காலில் 84. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.6. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தாலே கால் நாடியில், அதாவது இரத்தக் குழாயில், அடைப்பு என்று கொள்வோம். பீடியை விட்டேயாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற மனைவியின் குதிகாலில் ஆழமான வெடிப்பு ஒன்று கண்ணில் பட்டது. வலிக்கவில்லையா என்றேன். "எங்கே மிஸ்ஸி?" என்று குனிந்து தேடினார். நெடுநாள் சீனி வருத்தம் (நீரிழிவு). நரம்பு மரத்துப்போன கால் வலியைச் சொல்லாது.

டொக்டரிடம் கேட்டுவிட்டு அந்த அம்மாவையும் படுக்கவைத்தேன். கணுக்கால் பட்டியில் காற்றை 220 வரை ஏற்றியும், இரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்கவைக்கும் டொப்ளர் கருவியில் நாடியோசை அடங்கவில்லை. கையில் 150, வகுத்தால் 1.4க்கும் மேல்.

"அவரைவிடக் கூடத்தானே, நல்லதுதானே?"

இல்லை அம்மா, 1.4ஐத் தாண்டினால் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது என்று அர்த்தம், உள்ளே அடைப்பு உண்டா என்பதைக் கால் பெருவிரலில் அளந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். அப்போதுதான் கணவர் கேட்டார்: "பீடியைத் தொடாத இவளுக்கே இப்படியென்றால், நான் விட்டு என்ன பயன்?"

சீனி, பிரஷர், கொழுப்பு, வயது, சிறுநீரகக் கோளாறு எல்லாமே நாடியைக் கெடுக்கும், புகை இருந்தால் கேடு இன்னும் விரைவாக வரும், விட்டால் காலும் இதயமும் தப்ப வழி உண்டு என்று பதில் சொன்னேன். தலையாட்டினார். அவர் தேடிக்கொண்டிருந்த சாக்கை நானே கையில் கொடுத்துவிட்டேனோ என்று அன்று இரவெல்லாம் உறுத்தியது. அதற்காக அந்த அம்மாவின் காலைப் பார்க்காமல் அனுப்பியிருக்க முடியுமா? வலி இல்லாததாலேயே அவரை யாரும் அளக்கவில்லை.

நாவின் நுனிவரை வந்த பதில் ஒன்றும் உண்டு: வீட்டில் நீங்கள் விடும் புகையை இவரும்தானே சுவாசிக்கிறார்? அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். ஆனால் இத்தனை வருடச் சீனி இருக்கும்போது, மனைவியின் காலுக்கு அவர்மேல் பழி போட எனக்கு என்ன ஆதாரம்? சொல்லாதது சரி என்றே நினைக்கிறேன். அவரோ இன்னும் பீடியை விடவில்லை. அடுத்த கிளினிக்கில் மறுபடியும் அதையே கேட்டால், சரி என்று நினைப்பதிலேயே நிற்பேனா தெரியவில்லை.