எங்க ஊர் ஸ்டாப்பிங் எங்கண்ணா?

பகல்ல எனக்கு வேலை மஞ்சக்குப்பத்துல ஒரு சிவில் இன்ஜினியர் ஆபீஸ்ல ஆட்டோகேட் வரையறது. ராத்திரி சாப்ட்டு உக்காந்தா யூரோ டிரக் சிமுலேட்டர் 2-க்கு மேப் போடறது. ரெண்டாவது வேலைக்கு சம்பளம் கிடையாது, ஆனா வாங்கற திட்டு மொத வேலைய விட ஜாஸ்தி. கடலூர் டூ பாண்டி ரோட்ட அந்த கேமுக்குள்ள கொண்டு வந்தது நானும் முதலியார்பேட்டை ஃப்ரெண்டு ஒருத்தனும். அவன் பஸ் மாடலும் சத்தமும் பாத்துப்பான், ரோடு பாலம் கடை மரமெல்லாம் என் தலைல. இதுல நாங்க எடுத்த சில முடிவும், அதுக்கு ஆளுங்க சொன்னதும், அத நாங்க எப்படி எடுத்துக்கிட்டோம்ங்கறதும் தான் இங்க எழுதப்போறேன்.

கேம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 2012-ல வந்தது, எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர்னு ப்ராக்ல இருக்கற கம்பெனி பண்ணது. லாரி கேம் தான், நாங்க ஓட்டற பஸ்ஸெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்க உள்ள சொருகினது, அதுக்கு மோட்னு பேர். மேப் எடிட்டர் கேமோடயே வந்துடுது, அதனால தான் பிரேசில், இந்தோனேசியான்னு அவனவன் அவன் ஊர் ரோட்ட போட்டு வச்சிருக்கான். நமக்கு மொத தலைவலி லெஃப்ட் சைடு. அடிப்படை கேம்ல இடது பக்கம் ஓடறது பிரிட்டன் தான், ரெடிமேடா இருக்கற ஜங்ஷன் பீஸெல்லாம் அங்கருந்து எடுக்கணும், எடுத்துட்டு அதுல இருக்கற அழகான வெள்ளைக் கோடு, நடைபாதை எல்லாத்தையும் மறைச்சு ஓரத்துல மண்ணு கொட்டணும். அழகா இருக்கறத அசிங்கம் பண்றது எவ்ளோ கஷ்டம்னு அப்பதான் புரிஞ்சுது.

பெரிய முடிவு ஸ்கேல். ஐரோப்பாவையே அடைக்கணும்ல, அதனால கேம் 1-க்கு 19, நிஜத்துல 19 கிலோமீட்டர்னா கேம்ல ஒண்ணு. கடலூர்லருந்து பாண்டி சுமாரா 22 கிலோமீட்டர், 19-ஆல வகுத்தா ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும், அறுபதுல போனா ஒரு நிமிஷம் சொச்சத்துல ஊர் வந்துடும். கடலூர் பெண்ணையாத்துப் பாலத்துல ஏறி இறங்கினா பாண்டி மரப்பாலம். இதுக்கு எதுக்கு பஸ்ஸு. சரி 1-க்கு 1 போடலாம்னா என் ஆயுசு பத்தாது, ஃப்ரெண்டு வேற கல்யாணத்துக்கு பொண்ணு பாத்துட்டு இருந்தான். அதனால 1-க்கு 4, அதாவது அஞ்சரை கிலோமீட்டர். கேம் கடிகாரத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி மெதுவாக்கினோம். கடலூர விட்டா ஆல்பேட்டை, பெரிய கங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை. அஞ்சரை கிலோமீட்டருக்குள்ள இத்தன ஊர், ஒரு ஊருக்கு ஐநூறு மீட்டர், அதுல ஒரு ஜங்ஷன் பீஸ் வச்சாலே பாதி போச்சு. சில ஊர வெறும் பேர் பலகையாக்கினோம், சிலத அதுவும் இல்லாம தென்னந்தோப்பாக்கிட்டோம்.

மொத வெர்ஷன் போட்ட அன்னிக்கே ஆரம்பிச்சுது. அண்ணா எங்க ஊர் ஸ்டாப்பிங் எங்க. ப்ரோ எங்க ஸ்கூல் இல்ல. தல அந்த டீக்கடை ரோட்டுக்கு இந்தப் பக்கம். கிராபிக்ஸ் சூப்பர்னு சொல்லிட்டு கடைசி வரில இது இருக்கும். ஆபீஸ்ல அறுநூறு சதுர அடில மூணு பெட்ரூமும் பூஜை ரூமும் கேக்கற பார்ட்டிங்கள சமாளிச்சு எனக்கு பழக்கம் தான், ஆனா அங்க ஒரு வீட்டுக்கு ஒரு ஓனர். இங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க வீட்டு முன்னாடி நூறு மீட்டர் மட்டும் தான் மேப்பு, அந்த நூறு மீட்டர்ல அவங்க சொல்றது அத்தனையும் சரி. தப்பா சொல்றவன கூட சமாளிச்சுடலாம், எல்லாரும் சரியா சொன்னா என்ன பண்றது. இருபது பேர் சொன்னதையும் செஞ்சா மறுபடி 22 கிலோமீட்டர் ஆயிடும்.

யாரோட நூறு மீட்டர் இருக்கணும், யாரோடது போகணும்னு ஓட்டு போட்டும் பாத்தோம், வேலைக்கு ஆகல. கிருமாம்பாக்கத்துல காலேஜ் பசங்க ஜாஸ்தி, ஓட்டு ஜெயிக்கறது எப்பவும் அவங்க தான். வழி காமிச்சது எங்க தெரு மாமா ஒருத்தர், இதே ரூட்ல பிரைவேட் பஸ் ஓட்டறவர். ஒரு ஞாயித்துக்கெழம அவர கூட்டிட்டு வந்து ஸ்டீயரிங் வீல குடுத்து உக்கார வச்சேன். கேமே ஆடுனதில்ல, ஆனா உக்காந்ததும் மொதல்ல கண்ணாடிய பாத்தாரு. "பின்னாடி சக்கரம் தெரியலயே தம்பி, எப்புட்றா ஒதுக்கறது?" நான் ராத்திரி ராத்திரியா செதுக்கி வச்ச கடை போர்டு, கோயில் கோபுரம் ஒண்ணையும் திரும்பிப் பாக்கல. ஆனா ஒரு எடத்துல தானா ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தாரு, எடுத்துட்டு "இங்க மேடு ஒண்ணு இருக்கும்ல?"னாரு. சுண்ணாம்பாத்துப் பாலம் ஏர்ற எடம். நான் பாலத்த மட்டமா போட்டிருந்தேன். அப்பறம் எதுக்க வர்ற வண்டிங்கள பாத்து ஒரே சிரிப்பு, "இவன் எல்லாம் எந்த ஊரு, கோட்ட விட்டு நகரவே மாட்றான், முன்னாடி போறவன ஒருத்தன் கூட ஏற மாட்றான்"னு. கேமோட டிராஃபிக் அப்படித்தான், ஐரோப்பா மரியாதை. டூவீலரே கிடையாது, அத தனியா மோட் போட்டு தான் சேக்கணும்.

அவர் எழுந்து போனப்பறம் எங்க கணக்கு மாறிடுச்சு. ஓட்டறவன் கை கால எது மாத்துதோ, அதாவது பிரேக் போட வைக்கறது, திரும்ப வைக்கறது, காத்திருக்க வைக்கறது, அது இருக்கணும். கண்ணுக்கு மட்டும் இருக்கறது சுருங்கலாம், தேவைன்னா போகலாம். மேட்டுக்கு முன்னாடி கால எடுக்கற அந்த ஒரு செகண்டு இருந்தா பக்கத்துல இருக்கற கட்டடம் தப்பா இருந்தாலும் மனசு ஒத்துக்குது, அது இல்லன்னா ஃபோட்டோ எடுத்து ஒட்டினாலும் ஒத்துக்கறதில்ல. இத வச்சு பாலமெல்லாம் திருப்பி போட்டோம், ஸ்கூல் முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் வச்சோம், அதுக்கு எடம் வேணும்னு ரெண்டு கல்யாண மண்டபத்த தூக்கினோம். மண்டபத்துக்காரங்க யாரும் கேம் ஆடல போல, ஒரு கம்ப்ளெய்ண்ட் கூட இல்ல.

ஏ.எஃப்.டி. கேட் கதையும் இதே தான், ஏ.எஃப்.டி.ன்னா ஆங்கிலோ ஃபிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் மில்லு. பாண்டிக்குள்ள கடலூர் ரோட்ல மில்லு பக்கத்துல ரயில்வே கேட், அங்க மாட்டி நின்னவங்க வாய்ல வர்ற வார்த்தை இங்க எழுத முடியாது. அத கேம்ல யார் விரும்புவான்னு திறந்தே கிடக்கற மாதிரி போட்டேன். அவ்ளோதான், "கேட்டு மூடலயே"ன்னு மெசேஜ் மேல மெசேஜ். கேம்லயே ரயில் வந்து போற லெவல் கிராஸிங் பீஸ் இருக்கு, அத கொண்டு வந்து வச்சோம், இப்ப அங்க பஸ்ஸ நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பாட்டு கேக்கறானுங்க. நிஜத்துல திட்டறத கேம்ல கேட்டு வாங்கறான்! மில்லு 1898-ல ஆரம்பிச்சது, 2020-ல மூடிட்டாங்க. ஃபிரான்ஸ்ல செட்டில் ஆன ஒரு பாண்டி அண்ணன் மில்லு ஓடற மாதிரி, ஷிஃப்ட் விட்டு ஆளுங்க வெளிய வர்ற மாதிரி வைக்க முடியுமான்னு கேட்டாரு. ஆளுங்கள நடக்க வைக்கலாம், ஆனா ஒரே வருஷத்து ரோடா இருக்கணும்னு முதல்லயே பேசி வச்சிருந்தோம், இன்னிக்கு இருக்கற பைபாஸும் அன்னிக்கு இருந்த மில்லும் ஒரே மேப்ல வேணாம். அவருக்கு மட்டும் நீளமா பதில் எழுதினேன். புரிஞ்சுக்கிட்டாரு, ஆனா அடுத்த வெர்ஷன்லயும் கேட்டாரு.

எனக்கு ரொம்ப பிடிச்ச முடிவு பார்டர். முள்ளோடை தாண்டினா பாண்டி, பெட்ரோல் டீசல் விலை கொறச்சல், கடலூர் வண்டி பாதி அங்க தான் டேங்க் ரொப்பும். கேம்ல எரிபொருள் விலை நாட்டுக்கு நாடு மாறும், மாநிலம்னு ஒண்ணு அதுக்கு தெரியாது. அதனால பாண்டிச்சேரிய தனி நாடா எழுதி விட்டோம். ஒரே கல்லுல நம்பர் பிளேட்டும் பிரிஞ்சுது, இந்தப் பக்கம் டி.என். 31, அந்தப் பக்கம் பி.ஒய். 01. உடனே ஒரு பெரியவர், "1954-ல பிரெஞ்சுக்காரன் விட்டுட்டு போனத நீங்க மறுபடி பிரிச்சுட்டீங்களா"ன்னு போட்டாரு பாருங்க, அதுக்கு மேல என்ன பதில் சொல்றது. முள்ளோடை ஒயின்ஷாப் லைட்டு மட்டும் வச்சோம், போர்டுல பேர் எழுதல. பேர் எழுதச் சொல்லி கேட்டவன் எல்லாம் பெரிய பசங்க, ஆனா ஆடறது எட்டாவது ஒன்பதாவது படிக்கறவனும் தான், அதுல எனக்கு விட்டுக் குடுக்க மனசில்ல.

நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, அடிப்படை கேமுக்கு பயணின்னா என்னன்னே தெரியாது. அதுக்கு எல்லாம் சரக்கு. அறுபது பேர்னா சுமாரா நாலு டன்னு, கண்ணுக்கு தெரியாத டிரெய்லர்ல ஏத்தி, பஸ் ஸ்டாண்ட குடோன்னு பொய் சொல்லி, டெலிவரி பண்ண வைக்கறோம். அதனால நடுவுல ஏத்தி எறக்கறது நடக்காது. "ஸ்டாப்பிங் வச்சு என்ன பிரயோஜனம், ஆள் ஏற மாட்றாங்களே"ன்னு கேட்டா நியாயம் தான். அதுக்கு ஃப்ரெண்டு ஒரு வேலை பண்ணான். ஹேண்ட் பிரேக் போட்டா ஒரு விசில், எடுத்தா ரெண்டு விசில், அவ்ளோதான், கண்டக்டர் கிடையாது, படில ஆளும் கிடையாது. இத போட்டதுக்கு அப்பறம் வர்ற வீடியோல எல்லாம் பாக்கறேன், ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் ஓரங்கட்டறானுங்க, பாயிண்டும் இல்ல காசும் இல்ல, ரெண்டு விசில் கேக்கறதுக்காக நிக்கறான். ஸ்டாப்பிங் கம்ப்ளெய்ண்ட் பாதியா கொறஞ்சுது.

சத்தம்னு வந்தா ஹார்ன் தான் சண்டை. இந்தோனேசியா பஸ் கேம் ஒண்ணு ஃபோன்ல 2017-ல வந்துச்சு, பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியான்னு, நம்ம பசங்க பாதி பேர் அதுல லிவரி, அதாவது பஸ் மேல வர்ற பெயிண்ட் டிசைன், போட்டு வளந்தவங்க. அங்க ஹார்ன்னா மியூசிக். எங்க மோட்ல மாமா வண்டில ரெக்கார்டு பண்ண சாதா ஏர் ஹார்ன். "ப்ரோ பஸ்ஸுக்கு உயிரே இல்ல." மோட்டார் வாகன விதி 119 பல சுரத்துல கத்தற ஹார்ன் கூடாதுங்குதுன்னு ஃப்ரெண்டு ஒருத்தன்ட்ட வாதாடிட்டு இருந்தான், கேம்ல என்னடா ஆர்.டி.ஓ.ன்னு அவன் கேட்டதும் வாய மூடிட்டான். கடைசில மியூசிக் ஹார்ன தனி ஃபைலா விட்டோம், வேணுங்கறவன் போட்டுக்கட்டும். இது நல்ல வழி மாதிரி தெரியும், ஆனா சும்மா இல்ல. ஹார்ன் தனி, டூவீலர் தனி, மழை தனின்னு பிரிச்சா, எத மேல வைக்கணும் எத கீழ வைக்கணும்ங்கற வரிசைய மாத்தி வச்சு கேம் கிராஷ் ஆகி நம்ம மேல தான் வருவாங்க. எல்லாத்துக்கும் ஆப்ஷன் குடுத்தா முடிவ நாம எடுக்கல, தள்ளிப் போட்டோம்னு அர்த்தம். அதனால சத்தத்துக்கு மட்டும் தனி ஃபைல், ரோட்டுக்கு ஒண்ணே ஒண்ணு.

4கே டெக்ஸ்சர், அதாவது சுவர் ரோடு மேல ஒட்டற படம் இன்னும் துல்லியமா வேணும்னு கேக்கற கூட்டமும் உண்டு, ஸ்க்ரீன்ஷாட் போடறவங்க, பெரும்பாலும் சிங்கப்பூர், துபாய். இங்க அரியாங்குப்பத்துல இருக்கறவன்ட்ட கவர்மென்ட் குடுத்த பழைய லேப்டாப். அவன் பக்கம் தான் நான், டெக்ஸ்சரெல்லாம் 1024 பிக்சல் தான், சவுக்குத்தோப்பு தூரத்துல வெறும் அட்டை. துபாய் அண்ணன் கோச்சுக்கட்டும்.

யாருமே கேக்காத ஒண்ண கேட்டது ஒரு நர்ஸ் அக்கா, கடலூர்லருந்து பாண்டிக்கு தினம் போய் வர்றவங்க, தம்பி ஆடறத பக்கத்துல உக்காந்து பாத்திருக்காங்க. "டிரைவர் சீட்டுலருந்து எனக்கு என்ன தெரியும், நான் எப்பவும் இடது பக்கம் ஜன்னலோரம், அங்கருந்து பாக்க முடியாதா?"ன்னு கேட்டாங்க. கேமரா ஒண்ணு கூட வைக்கறது அர மணி நேர வேலை. வச்சு பாத்தா அந்தப் பக்கம் எங்க ரோட்டோரம் பாதி மொட்டையா கிடக்குது, டிரைவர் கண்ணுக்கு படாதுன்னு நாங்க கை வைக்காம விட்ட எடமெல்லாம் அவங்க ஜன்னல்ல வரிசையா வருது. கை கால மாத்தறது மட்டும் போதும்னு நான் போட்ட கணக்கு ஓட்டறவனுக்கு சரி, உக்காந்து வர்றவங்களுக்கு வேற கணக்கு போல. அதுக்கு இன்னும் முழு பதில் என்கிட்ட இல்ல. இப்போதைக்கு இடது பக்க ஓரத்த நோணாங்குப்பம் வரைக்கும் நெரப்பிட்டோம்.

எஸ்.சி.எஸ். அப்டேட் விட்டா மறுபடி எல்லாம் திறந்து சேவ் பண்ணணும், அது தனி புலம்பல். 2020-ல 1.37 வந்தப்ப சத்த சிஸ்டத்தையே மாத்தி பழைய சவுண்ட் மோட் மொத்தமும் ஊமையாச்சு, அத பாத்தவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்ல.

அடுத்தது நெல்லிக்குப்பம் ரோடு, கரும்பு டிராக்டரோட. ஓவர்லோடு கரும்பு டிரெய்லர் மாடல் ஒண்ணு வேணும், ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க யாராவது பண்ணித் தர முடியும்னா சொல்லுங்க, பேர் போட்டுடுவோம், காசு இல்ல. அந்த ரோட்ல உங்க ஊர் இருந்தா ஸ்டாப்பிங் கேக்கறதுக்கு முன்னாடி, அங்க பஸ் எங்க மெதுவாகும்னு மட்டும் எழுதி அனுப்புங்க.