கோழிக்கூண்டைப் பலப்படுத்தும் வேலை: வலை, தரைவிரிப்பு, தாழ்ப்பாள்

பழைய அறுகோணக் கண் வலையை முழுக்கப் பிரித்தாகிவிட்டது. அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் பல்லால் கவ்வி இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். கண் பெரிதாக இருந்தால் கீரி நுழையும். மரநாய் தன் காலை உள்ளே விட்டுக் கோழியின் தலையைப் பிடித்து இழுக்கும். இப்போது போட்டிருப்பது அரை இஞ்ச் கண்ணுள்ள 19 கேஜ் தடிமன் ஜிஐ வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை. கூரையடிக் காற்றுவழிக்கும் அதே மெஷ்தான். மேலே இருக்கிறதே என்று அதை விட்டால் ஏறத் தெரிந்த எல்லாம் அந்த வழியாகவே வரும்.

மெஷ் வாங்கிவிட்டால் போதாது, அதைப் பிடித்து நிறுத்துவதில்தான் வேலை இருக்கிறது. ஸ்டேப்பிள் பின் மட்டும் அடித்தால் நாய் முட்டி மோதும்போது வரிசையாகக் கழன்று வரும். அதனால் மெஷ் ஓரத்தைச் சட்டத்தின் மேல் 4 செ.மீ. ஏற்றி, அதன்மேல் ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) வைத்து, 15 செ.மீ.க்கு ஒன்றாக வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும்; கட்டுக்கம்பியால் நெருக்கமாகத் தைத்துவிடலாம்.

தோண்டி வருவதைத் தடுக்க, சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக 45 செ.மீ. அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையிலேயே விரித்துச் சுவர் மெஷ்ஷோடு கட்டியிருக்கிறது. தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் பறிக்கத் தொடங்கும். கம்பி தட்டுப்பட்டால் பின்னால் தள்ளிப் போய்த் தோண்டத் தோன்றாது. ஆழமாகப் பள்ளம் வெட்டிப் புதைப்பதைவிட இது எளிது. ‘ப’ வடிவக் கம்பிகளை 30 செ.மீ. இடைவெளியில் அடித்து அழுத்தினால் புல் வளர்ந்து மூடிக்கொள்ளும். மூலைகளில் மட்டும் இரட்டையாக விரிப்பது நல்லது. அங்கேதான் இடைவெளி விழுகிறது.

கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள். கொண்டியில் ஸ்பிரிங் கொக்கி மாட்டினால் ஆட்டி ஆட்டித் திறக்க முடியாது. கதவடி இடுக்கு ஒரு செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே கோழி உட்காரும் பரண் மெஷ்ஷிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளியிருக்கட்டும். இரவில் தீவனத்தை எடுத்துவிட வேண்டும். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். குஞ்சுக் கூண்டுக்கு அரை இஞ்ச் போதாது, சின்னப் பாம்பு புகுந்துவிடும். அங்கே கால் இஞ்ச் மெஷ்தான்.

பாக்கி இருப்பது மேய்ச்சல் இடத்துக்கு மேல்வலை. பருந்துக்கு 5 செ.மீ. கண் நைலான் வலை போதும், தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும்.