சிஸ்பிளாட்டினும் சிறுநீரோடு போகும் மக்னீசியமும்

1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று ஆராயப்போய், பிளாட்டினம் மின்முனைகளிலிருந்து உண்டான சேர்மங்கள் செல் பிரிவதைத் தடுப்பதைக் கண்டார். அந்த வழியில் வந்து 1978இல் அங்கே அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின், விரைப் புற்றுநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அதே மருந்து உடலின் தாது உப்புகளைக் குலைப்பதைப் பற்றி நோயாளிகளிடம் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

முதலில் அடிபடுவது மக்னீசியம். சிறுநீரகத்தில் வடிகட்டப்படும் மக்னீசியத்தின் பெரும்பகுதியை நுண்குழல்கள் மீண்டும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். சிஸ்பிளாட்டின் அக்குழல்களைப் புண்படுத்துவதால் மக்னீசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது, சிகிச்சை முடிந்து பல மாதங்களான பின்னும் சிலருக்கு இந்த இழப்பு நிற்பதில்லை. உடலிலுள்ள சுமார் 25 கிராம் மக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பிலும், எஞ்சியதில் பெரும்பங்கு தசை முதலிய திசுக்களிலும் இருக்க, இரத்தச் சீரத்தில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே சோதனை அறிக்கையில் அளவு சரியாக இருந்தாலும் திசுக்களில் பற்றாக்குறை இருக்கக்கூடும்.

மக்னீசியம் குறைந்தால் பொட்டாசியமும் இறங்குகிறது. சிறுநீரகக் குழலின் செல்களுக்குள் இருக்கும் மக்னீசியமே பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை ஓரளவு அடைத்து வைக்கிறது. அது குறைந்தபின் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிய கதைதான். கடுமையான குறைபாட்டில், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியும் மந்தமாகிக் கால்சியமும் குறைகிறது. இத்தனைக்கும், வழக்கமான எலக்ட்ரோலைட் (இரத்தத் தாது உப்பு) சோதனையில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு இருக்கும். மக்னீசியத்தைப் பெரும்பாலும் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சிறுநீரகத்தில் மக்னீசியம் என்றால், புற்றுக் கட்டிக்குள் கதை செம்பைச் சுற்றி நடக்கிறது. செல்லுக்குள் செம்பைக் கொண்டுவரும் சிடிஆர்1 என்ற புரதம் சிஸ்பிளாட்டின் நுழையவும் ஒரு வழியாகிறது. செம்பை அப்புறப்படுத்தும் ஏடிபி7ஏ, ஏடிபி7பி ஆகிய புரதங்கள் மருந்திலிருந்து செல்லைக் காக்கத் துணைபோகின்றன. முதலாவது குறைந்தோ பின்னவை மிகுந்தோ போன புற்றுச் செல்கள் மருந்துக்கு மசியாமல் நிற்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

சிறுநீரகத்தைக் காக்க, மருந்துக்கு முன்னும் பின்னும் ஏற்றும் சலைனோடு மக்னீசியம் சல்பேட்டையும் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மாத்திரையாகக் கொடுத்தால் பலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாகி, கொடுத்ததில் ஒரு பகுதி அவ்வழியே போய்விடுவதால், குறைபாடு கடுமையானால் இரத்தக் குழாய் வழியே மெதுவாக ஏற்றுகிறார்கள். வேகமாக ஏற்றினால் அதையும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.