இருபது வருஷ கியாரண்டித் தங்கம்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பாக்கெட் வாட்ச் இருக்கிறது. தாத்தாவின் அப்பா அரண்மனைக் கணக்குப் பார்த்தாராம், மகாராஜா தன் கையாலேயே கொடுத்தாராம், சுத்தத் தங்கமாம். இத்தனை 'ஆம்' வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களான நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே, அதனால் இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு மகாராஜா கதை உண்டு.

போன மாதம் அதை மார்த்தாண்டத்தில் வாட்ச் கடை வைத்திருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். சாவி கொடுத்தாலும் ஓடவில்லை. மாமா கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு சின்னக் கத்தியால் பின்மூடியை நெம்பினார். உள்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷ்: இரண்டு தங்கத் தகட்டுக்கு நடுவே வேறு உலோகம், இருபது வருஷம் தேயாது, உத்தரவாதம். விளிம்பில் கட்டைவிரல் படுகிற இடத்தில் பித்தளை எட்டிப் பார்த்தது. அதைத்தான் இத்தனை நாளும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"மகாராஜாவு குடுத்த சாமானத்துக்கு இருபது வருசம் கியாரண்டியா மக்கா?" என்றார் மாமா.

பாகங்களைக் கழற்றிப் பெட்ரோலில் போட்டுவிட்டு, அசல் ராஜ வீட்டு வாட்ச் கதையை ஆரம்பித்தார். 1783இல் பிரான்ஸ் ராணி மரீ அந்துவானெத்துக்காகப் பாரிஸில் பிரெகே என்கிற வாட்ச் ஆசாரியிடம் ஆர்டர் போனது. செலவுக்குக் கணக்கு இல்லை, நாளுக்குக் கெடு இல்லை, அன்றைக்குத் தெரிந்த வித்தை எல்லாம் உள்ளே இருக்க வேண்டும், முடிந்த இடத்திலெல்லாம் மற்ற உலோகத்துக்குப் பதில் தங்கம். கெடு இல்லாமல் ஆசாரியிடம் வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா! 1793இல் ராணியின் தலை போயிற்று, 1823இல் பிரெகேயும் போய்ச் சேர்ந்தார், வாட்ச் முடிந்தது 1827இல். 44 வருஷம். யாருக்காகச் செய்தார்களோ அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே 823 பாகங்கள். அமுக்கினால் மணி, கால்மணி, நிமிஷம் என்று தனித்தனியாக அடித்துச் சொல்லும், ராத்திரி விளக்கு ஏற்றாமலே நேரம் தெரிந்துவிடும். பையில் போட்டு நடந்தால் போதும், ஒரு எடைக்கட்டி ஆடி ஆடித் தானே சாவி கொடுத்துக்கொள்ளும். ஆனால் மாமா கிறங்கிப்போவது சூரிய நேரம் காட்டுகிற முள்ளைப் பற்றிச் சொல்லும்போதுதான். சூரியன் நம் கடிகாரத்துக்கு அடங்குகிற ஆள் இல்லை, நவம்பர் தொடக்கத்தில் பதினாறு நிமிஷம் முந்தும், பிப்ரவரியில் பதினாலு நிமிஷம் பிந்தும், வருஷத்தில் நாலு நாள்தான் இரண்டும் ஒத்துப்போகும். இந்த வித்தியாசத்தை எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு சின்னத் தகடு, அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்பு வடிவத்தில் இருக்கும், வருஷத்துக்கு ஒரே ஒரு சுற்று. அதன் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு கை ஏறி இறங்கும், அதுக்குத் தக்கபடி முள் நகரும். மாமா பில் புத்தகத்தின் பின்னால் வரைந்தே காட்டினார்.

அப்புறம் 1983இல் எருசலேமில் ஒரு மியூசியத்திலிருந்து களவுபோன 106 கடிகாரங்களில் இதுவும் ஒன்று. அலாரம் வேலை செய்யவில்லையாம், நம்ம ஊர் ஏடிஎம் மாதிரிதான். திருடினவனால் இதை விற்க முடியவில்லை, உலகத்துக்கே தெரிந்த பொருளை யாரிடம் கொண்டுபோய் விற்பது? சாகும்போது பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனான், வக்கீல் வழியாக மியூசியத்துக்குத் திரும்பி வந்தது.

எனக்கென்னவோ திருவனந்தபுரத்து மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரம்தான் பிடிக்கும். அதுவும் ராஜா வைத்ததுதான், ஆனால் பத்மநாபசாமி கோயில் வாசலில் நிற்கிற யாரும் பார்க்கலாம், மணி அடிக்கும்போது அதிலிருக்கிற தாடிக்காரப் பொம்மை வாயைத் திறப்பான், இரண்டு ஆடும் அவன் கன்னத்தில் வந்து முட்டும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறோம்.

சரி, எங்கள் வாட்ச்சுக்கு வருகிறேன். எண்ணெய் காய்ந்து பசையாகிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். கழுவி மாட்டியதும் ஓடத் தொடங்கிவிட்டது. காசு வாங்காமல் துணியில் பொதிந்து கொடுத்த மாமா, "அத்தான்ட்ட பித்தளைன்னு சொல்லாண்டாம் கேட்டியா" என்றார்.

வாய் சும்மா இருக்குமா, சொல்லிவிட்டேன். அப்பா மூடியைத் திறந்து வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூடிய மாத்திட்டான். ஒனக்க மாமன் கடைக்குக் கொண்டு போவாண்டாம்னு அப்பமே சொன்னேன்லா."