வில்லிமாண்டிக் கான்ஸ்டலேஷன், 1/72: வளைந்த புரொபெல்லர் வசத்துக்கு வந்தது

கான்ஸ்டலேஷன் பயணிகள் விமானத்தின் 1/72 பிளாஸ்டிக் மாடலுக்கு, ஒன்பது புரொபெல்லர் பிளேடும் முடிந்தது. கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரீனில் மூன்று செட் பாழான பிறகுதான் அலுமினியம். முதலிலேயே மாறியிருக்க வேண்டும்.

நாலு எஞ்சினுக்கு மும்மூன்றாகப் பன்னிரண்டு இல்லை, ஒன்பதுதான். நாலாம் எஞ்சின் இந்த விமானத்தில் கிடையாது. 1946 ஜூன் 18 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டன் கிளம்பிய பான் அமெரிக்கன் நிறுவனத்தின் எல்-049 ரக கான்ஸ்டலேஷன் இது. நடிகர்கள் லாரன்ஸ் ஒலிவியேவும் விவியன் லீயும் பயணிகளில் இருவர். பயணிகள் அறைக்குக் காற்றை அழுத்தித் தரும் கேபின் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் தண்டு முறிந்ததில் வலப்பக்க வெளி எஞ்சின், அதாவது நாலாவது, தீப்பிடித்து, பறக்கும்போதே கழன்று விழுந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வில்லிமாண்டிக் என்ற சின்ன ஊரின் தளத்தில் சக்கரத்தை இறக்காமல் வயிற்றால் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

வயிற்றால் இறங்கிய விமானத்தில் புரொபெல்லர்தான் சாட்சி. நின்றுபோன எஞ்சின் என்றால் கீழே இருக்கும் ஒன்றிரண்டு பிளேடு மட்டும் பின்னால் மடங்கும். சுழன்றுகொண்டே தரையைத் தொட்டால் மூன்றும் வரிசையாக அடிவாங்கி, நுனியில் சுருளும். மூன்றையும் ஒரே கோணத்தில் மடக்கினால் வாடிய பூ மாதிரி இருக்கும், பொம்மைத்தனம். இறக்கை வெளிப்பக்கம் மேலே ஏறுவதால் உள் எஞ்சின்கள் இரண்டுக்கும் சேதம் அதிகம். இடப்பக்க வெளி எஞ்சினான ஒன்றாம் எஞ்சினில் நுனியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்டைரீன் ஏன் ஒத்துவராது? வெந்நீரில் மெல்லிய நுனி இளகும்போது தடித்த அடிப்பாகம் அசையாது. ஆறினதும் பாதி நிமிர்ந்துவிடும். மெழுகுவர்த்தியில் காட்டினால் சுருங்கி உருண்டுவிடும்.

அலுமினியத் தகடு 0.3 மி.மீ. குளிர்பான டின் ரொம்ப மெல்லிசு, பக்கவாட்டில் பார்த்தால் காகிதம். கிட்டின் பிளேடை அச்சாக வைத்து வரைந்து வெட்டி, ஓரத்தை அரத்தால் சரிக்க வேண்டும். அடுத்து பதம் இளக்குவது: துணி சோப்பை ஈரமில்லாமல் தகட்டில் தேய்த்து, ஸ்பிரிட் விளக்கில் மெதுவாகக் காட்டுங்கள். சோப்பு கறுத்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் பத்து விநாடி வைத்தால் தகடு தொய்ந்து உருகும். ஆறினால் ஈயம் மாதிரி வளையும்.

முதலில் முறுக்கு, பிறகுதான் வளைவு. அடியில் செங்குத்தாகவும் நுனியில் தட்டையாகவும் முறுக்கி முடித்துவிடுங்கள். சுருட்டின பிறகு முறுக்கினால் மடிப்பு விழும். நிஜத்தில் 4.6 மீட்டர் விட்டம், நமக்கு 64 மி.மீ. ஒவ்வொரு பிளேடிலும் கடைசி 10 மி.மீட்டரை 6 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டில் சுற்றி, நுனிக்கு வரவர 4 மி.மீ. தண்டுக்கு மாற வேண்டும். பிளையர் வேண்டாம், பல் பதியும். ஒருதரம் வளைத்தது பிடிக்காவிட்டால் அப்படியே நிமிர்த்தாதீர்கள், கீறல் விடும். மறுபடி சோப்பு, மறுபடி விளக்கு.

பிளேடுகள் சேரும் நடுக்குமிழான ஹப்பில் 0.5 மி.மீ. பித்தளை ஊசி, எபாக்ஸி பசை. ஃபெவிக்விக் வைத்தால் கை பட்டதும் தெறிக்கும். தகடு வாங்க ஹாபி கடைக்குப் போகவே வேண்டாம். பெயர்ப்பலகை செய்யும் கடையில் துண்டு கேட்டால் எடைக்குத் தருவார்கள்.

மற்றவை சுருக்கமாக. கிட்டின் சக்கரக் கதவுகள் திறந்து வைக்கத்தான் அளவெடுத்திருக்கும். மூடினால் இடைவெளி பல்லிளிக்கும், 0.25 மி.மீ. பட்டை செருகி எம்-சீல் பூசித் தேய்க்க வேண்டும். வால் சாயாமலிருக்க மூக்கில் ஈயம் அடைக்கும் தொல்லை இல்லை, அடிப்பலகையிலிருந்து ஸ்க்ரூ போட்டால் போதும். நாலாம் எஞ்சின் இடத்தில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தீத்தடுப்புச் சுவரான வட்டமான ஃபயர்வால், அதில் அறுந்த குழாய்கள். கரி, தீ மூட்டின மாதிரி மேலே ஏறக் கூடாது. எரிந்தது பறக்கும்போது, ஆகவே எஞ்சின் கூடான நசெலிலிருந்து நேர் பின்னால் கோடாக ஓட வேண்டும்.

இன்னொரு கிட்டும் வாங்கியாகிவிட்டது. அதே விமானத்தைப் பழுது பார்த்து, நாலாம் எஞ்சின் இடத்தைத் தகட்டால் மூடி, மூன்று எஞ்சினிலேயே கலிஃபோர்னியா பர்பாங்குக்கு, லாக்ஹீட் ஆலைக்கே ஓட்டிப்போனார்கள். இரண்டு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அழகு. ஆனால் அந்த மூடியின் முன்வளைவு பால்சா மரத்தில் செதுக்குவதா, தகட்டை அச்சில் அமுக்குவதா என்று முடிவாகவில்லை. முதல் மாடலின் அடிப்பலகையில் இன்னும் புல் ஒட்டவில்லை, வயிறு உரசின தடமும் பாக்கி.