ராணி எதனால் இறந்தாள்?

"குழந்தை பிறந்ததும் ராணி இறந்துபோனாள்." ஸ்னோ ஒயிட் கதையில் இப்படி ஒரு வரி வரும். பனிக்காலத்தில் கருங்காலிச் சட்டம் போட்ட ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள் அவள். விரலில் ஊசி குத்தி மூன்று சொட்டு ரத்தம் பனியில் விழுந்தபோது, இந்த நிறங்களில் எனக்கொரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டவள். ஆசைப்பட்ட குழந்தை பிறந்த உடனே ஒரு வரியில் போய்விடுகிறாள். ஒரு வருடம் கழித்து ராஜா வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். கதை கேட்கும் குழந்தைகள் மாயக் கண்ணாடி எப்போது பேசும் என்று காத்திருப்பார்கள். நான் மட்டும் அந்த வரியிலேயே நின்றுவிடுவேன்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பகுதியில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதை ஒரு வரியில் யாரும் கடந்துபோக முடியாது. வலி எப்போது எடுத்தது, யார் கூட இருந்தார்கள், நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா, எவ்வளவு உதிரம் போனது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். அப்புறம் கூட்டம் போட்டு விசாரிப்பார்கள். இறந்தவளின் மாமியார், புருஷன், கூடப் போன பக்கத்து வீட்டுப் பெண் என்று எல்லோரிடமும் கேட்போம். இத்தனையும் எழுதிப் பழகிய கைக்கு, ராணி எதனால் இறந்தாள் என்று கதையில் இல்லாதது உறுத்தத்தான் செய்யும்.

அனேகமாக உதிரப்போக்காக இருந்திருக்கும். குழந்தை வெளியே வந்தபின் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்கள் மூடும். சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் துணி மாற்றி முடிப்பதற்குள் அவள் கண் சொருகிவிடும். இன்று குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் போட்டுவிடுகிறோம். அரண்மனையில் அது கிடையாது. இல்லையென்றால் வலிப்பு வந்திருக்கலாம், குழந்தை குறுக்கே கிடந்திருக்கலாம். நாலைந்து நாள் கழித்துத்தான் இறந்தாள் என்றால் பிரசவ ஜன்னி, அதாவது பிரசவத்தில் கிருமி தொற்றி வரும் காய்ச்சல். லண்டனில் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1797ல் அப்படித்தான் போனார். பெண்களின் உரிமைக்காக அந்தக் காலத்திலேயே புத்தகம் எழுதியவர். நஞ்சு விழவில்லை என்று டாக்டர் கைவிட்டு எடுத்தார், காய்ச்சல் கண்டது, 11 நாளில் முடிந்துவிட்டது. அன்று பிறந்த பெண் குழந்தைதான் மேரி ஷெல்லி. தாய் என்று ஒருத்தி இல்லாமல் ஒரு மனிதன் கையால் உருவாக்கப்பட்ட உயிரின் கதையைப் பின்னாளில் எழுதியது அவர்தான். அதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

கையைக் கழுவினாலே ஜன்னியில் பாதிக்கு மேல் தடுத்திருக்கலாம் என்பதைக்கூட 1847 வரை யாரும் செய்து காட்டவில்லை. வியன்னா பொது மருத்துவமனையில் டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவ வார்டுக்கு வருவார்கள். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த வார்டில் சாவு குறைவு, இவர்கள் வார்டில் அதிகம். அங்கே வேலை பார்த்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. அப்படியும் பெரிய டாக்டர்கள் பல பேர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. 'என் கை அழுக்கா' என்ற கோபம்தான்.

ஆக, கதைகளில் அம்மாக்கள் ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் என் முதல் பதில், நிஜத்திலேயே இல்லை என்பதுதான். வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு, அம்மாவைத் தூக்கிக் கொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த யே ஷியான் கதையிலும் இப்படித்தான்: அம்மா இல்லாத பெண், சித்தி கொடுமை, உதவிக்கு ஒரு மீன், கடைசியில் காலில் பொருந்தும் செருப்பு. சிண்ட்ரெல்லாவை பிரெஞ்சுக்காரர் பெரோ 1697ல் அச்சில் கொண்டுவருவதற்கு எட்டு நூறு வருடம் முந்தியது அது.

ஆனால் ஸ்னோ ஒயிட் ராணியின் விஷயம் வேறு. அவளுக்காக நான் இவ்வளவு யோசித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்: 1812ல் ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் முதன்முதலில் அச்சிட்ட கதையில் அவள் சாகவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்கு ஆசைப்பட்டவளும், பின்னால் அந்தக் குழந்தையின் அழகைப் பார்த்துப் பொறாமையில் வெந்து அதைக் கொல்ல ஆள் அனுப்பியவளும் ஒருத்திதான். பெற்ற தாய்! 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை மாற்றினார்கள். நல்லவளைப் பிரசவத்தில் சாகடித்துவிட்டு, கெட்டதையெல்லாம் புதிதாக வந்தவள் தலையில் போட்டார்கள். ஹான்சல், கிரெட்டல் கதையிலும் அதேதான். வீட்டில் ரொட்டி இல்லை, பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று சொன்னது முதலில் பெற்றவள். 1840ல் வந்த பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள்.

ஏன் செய்தார்கள் என்பது புரியாமல் இல்லை. அந்தப் புத்தகத்தைக் குடும்பங்கள் வாங்கிக் குழந்தைகளுக்குப் படிக்க ஆரம்பித்திருந்தன. பெற்ற தாயே கொல்லப் பார்த்தாள் என்று எந்த அம்மா தன் வாயால் படித்துக் காட்டுவாள்? தாய் புனிதமானவளாக இருக்க வேண்டும். அதற்கு எளிதான வழி, அவளைச் சாகடிப்பது. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், ஏனென்றால் வாசலைத் தாண்டிப் போனால் அப்படி ஒரு சாவு இருந்தது. என் மனதை அறுப்பது இதுதான். பிரசவத்தில் ஒரு பெண் சாவது அவ்வளவு சாதாரணம் என்பதால்தான் ஒரு வரியில் எழுதிவிட முடிந்தது.

சரி, இப்போது அப்படி இல்லையே. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். இந்தியா முழுக்க 97, கேரளாவில் 19. அந்த 54ம் இருக்கக் கூடாதது, ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஆனாலும் முந்தைய காலத்தோடு பார்த்தால் எத்தனையோ அம்மாக்கள் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். கதையில் மட்டும் ஏன் இன்னும் திரும்பவில்லை?

அம்மா இருந்தால் கதை நகராது என்று சொல்வார்கள். காட்டுக்குப் போகாதே, முன்பின் தெரியாதவர் கொடுத்ததைத் தின்னாதே என்பாள், பிள்ளைக்கு ஆபத்தே வராது, சாகசமும் இருக்காது என்பது வாதம். டிஸ்னி படங்களில் அம்மா இல்லாததற்கு வேறொரு காரணமும் சொல்கிறார்கள். வால்ட் டிஸ்னியும் அவர் அண்ணனும் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்த வீட்டில், 1938ல் சூடேற்றும் கருவியில் இருந்து விஷவாயு கசிந்து அவர் அம்மா இறந்துபோனார். அது உண்மை, கொடுமையான சாவு. ஆனால் ஸ்னோ ஒயிட் படம் 1937லேயே வந்துவிட்டது. அம்மாவை எடுத்துவிடும் பழக்கம் கதைகளோடு முன்பே வந்ததுதான்.

அம்மா இருந்தால் கதை நகராது என்பவர்களுக்கு நான் அலாவுதீன் கதையைச் சொல்வேன். சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற கிறிஸ்தவ இளைஞர் 1709ல் பாரிஸில் சொல்ல, பிரெஞ்சுக்காரர் அந்துவான் காலான் எழுதிய கதை அது. அதில் அலாவுதீனுக்கு அம்மா இருக்கிறாள். தையற்காரப் புருஷன் இறந்தபின் பஞ்சு நூற்று மகனுக்குச் சோறு போடுகிறவள். விளக்கை முதலில் தேய்ப்பதே அவள்தான். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை, விளக்கை விற்கலாம், அழுக்கைத் தேய்த்துக் கொடுத்தால் கூட நாலு காசு கிடைக்கும் என்று மண் போட்டுத் தேய்க்கிறாள். பூதம் வந்து நிற்கிறது. மகன் சுல்தான் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அடம்பிடிக்கும்போது, இவனுக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறாள், அப்புறம் ரத்தினங்களைத் துணியில் கட்டிக்கொண்டு அரண்மனைக்கும் அவளேதான் போகிறாள். சுல்தானுக்கு எதிரே போய் நிற்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி வந்து நிற்கிறாள். பல நாள் இப்படியே. ஒரு மனுவோடு சர்க்கார் ஆபீசில் நின்ற எந்தக் கிராமத்து அம்மாவுக்கும் இவளைத் தெரியும். இவளால் கதை எங்கே நின்றுபோனது?

1992ல் வந்த டிஸ்னி படத்துக்கும் முதலில் அம்மா பாத்திரத்தை யோசித்திருந்தார்கள். ஹோவர்ட் ஆஷ்மன் பாட்டு எழுத ஆலன் மென்கன் இசையமைத்து, மகன் அம்மாவுக்காகப் பாடும் பாட்டு ஒன்றுகூடத் தயாராகிவிட்டது. பிறகு அம்மாவை எடுத்துவிட்டார்கள், பாட்டும் போயிற்று. 2014ல் அந்தப் படம் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குப் போனபோது பாட்டு திரும்பி வந்தது. அம்மா வரவில்லை. இறந்துபோன அம்மாவை நினைத்து அவன் பாடுகிறான்.

நம்மூர்க் கதைகளிலும் மூத்தாள் பிள்ளை, இளையாள் கொடுமை என்று நிறைய உண்டு. ஒரு நாள் அங்கன்வாடியில் தடுப்பூசி போட்டு முடித்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் பிள்ளைகளுக்கு அந்த மாதிரிக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காள் மூன்றாவது பிரசவத்தில் இறந்தபின், அக்காள் புருஷனுக்கே கட்டிவைக்கப்பட்டவள். சின்ன வயது. அந்த மூன்று பிள்ளைகளையும் தடுப்பூசிக்கு நாள் தவறாமல் கொண்டுவருவாள், அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பாள். கதை முடிந்ததும் கேட்டாள்: "நல்ல சித்தி வர்ற கதையே கெடையாதா டீச்சர்?" டீச்சர் பதில் சொல்லவில்லை. கடைக்குட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். பெற்ற தாயின் பெயரைக் காப்பாற்ற 1819ல் ஜெர்மனியில் செய்த காரியத்துக்கும், அவள் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கும் எனக்கு நேர்க்கோடு தெரிகிறது.

சித்தி கொடுமை வருகிற கதையிலும் அம்மாவை உயிரோடு வைக்கலாம் என்று துருவன் கதை காட்டுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை. அப்பா மடியில் ஏறப் போனவனைச் சித்தி சுருசி விரட்டிவிட்டாள். அழுதுகொண்டு வந்தவனைத் தடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை அம்மா சுநீதி. சித்தி சொன்னது பொய் இல்லை மகனே, நாராயணனைப் போய்க் கேள் என்று அனுப்பினாள். காட்டுக்குப் போகும் வழி அம்மா வாயிலிருந்தே வருகிறது. பாகவதத்தில் அதன் முடிவு இன்னும் அழகு. வாழ்ந்து முடித்துத் துருவன் விமானத்தில் ஏறும்போது, அம்மாவை விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைக்கிறான். அவள் வேறொரு விமானத்தில் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.

அம்மா இல்லாத கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவைச் சொல்வேன். அதில் தேவதைப் பாட்டியும் பூசணி வண்டியும் இல்லை. அம்மாவின் சமாதியில் ஒரு கிளையை நட்டு, கண்ணீர் விட்டே வளர்க்கிறாள் அந்தப் பெண். அந்த மரத்தில் வந்து உட்காரும் பறவைதான் கேட்டதைக் கொடுக்கிறது. அங்கே அம்மாவின் சாவு ஒரு வரியோடு முடிவதில்லை, கதை முழுக்கக் கூடவே வருகிறது. எழுதினால் இப்படி எழுதுங்கள் என்று, இன்று குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர்களிடம் கையைப் பிடித்துக் கேட்பேன். கதையை நகர்த்துவதற்காக மட்டும் ஒரு பெண்ணைப் பிரசவத்தில் கொல்லாதீர்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். அலாவுதீனை அம்மாவோடுதான் சொல்வேன். பூதம் வரும் இடத்தைவிட, அவள் சுல்தானுக்கு எதிரே போய் நிற்கும் இடத்தில்தான் கேள்விகள் அதிகம். சாப்பிட்டுவிட்டுப் போனாளா, கால் வலிக்காதா, அலாவுதீன் ஏன் கூடப் போகவில்லை. ஒரு பெண் பிள்ளை, சுல்தான் ஏன் அவளை உட்காரச் சொல்லவில்லை என்று கேட்டு, நான் அடுத்த இடத்துக்குப் போகவே விடவில்லை.